சார்ஜிங் பின் பழுதான போனுக்கு சாஃப்ட்வேர் போடப் போகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில் மாந்தோப்பு வைத்திருக்கும் என் பெரியப்பாவின் போனில் சார்ஜர் சொருகும் வாய் ஆட்டம் கண்டு இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. கேபிளை இடப்பக்கம் சாய்த்து, ரப்பர் பேண்டு போட்டு இறுக்கி, மேலே ஒரு தீப்பெட்டியை வைத்தால் சார்ஜ் ஏறும். அதையே ஒரு கைவேலையாகப் பழகிக்கொண்டிருந்தார். ஒரு நாள் காலையில் கம்பெனி பெயர் மட்டும் திரையில் வந்து வந்து மறைந்தது, அதைத் தாண்டவில்லை. "சாஃப்ட்வேர் போய்விட்டது போலிருக்கிறது தம்பி, நீயே போட்டுக் கொடு" என்று என்னிடம் நீட்டினார். அந்த ஒரு போனில் நான் செய்த தவறுகளே இந்தக் கட்டுரைக்குப் பாதிச் சரக்கு.

ஆரம்பமே தவறு. வாய் போய்விட்டது என்று நானாகவே தீர்ப்பு எழுதிவிட்டேன். எங்கள் பக்கத்துச் செம்மண் தூசியும் சட்டைப்பைப் பஞ்சும் சேர்ந்து அந்தச் சின்னப் பொந்துக்குள் கெட்டியாக அடைந்துகொள்ளும். கல் குவாரிப் பக்கம் வேலை பார்ப்பவர்களின் போன் என்றால் கேட்கவே வேண்டாம். போனை அணைத்துவிட்டு, மரத்தாலான பல்குச்சியால் மெதுவாகச் சுரண்டிப் பாருங்கள். ஊக்கு, ஊசி கூடாது. உள்ளே இருக்கும் பின்களை வளைத்துவிடும். அடுத்து கேபிளை மாற்றிப் பாருங்கள். மைக்ரோ யுஎஸ்பியை வடிவமைத்தவர்கள், தேய்கிற ஸ்பிரிங் பாகத்தை வேண்டுமென்றே கேபிளின் தலையில்தான் வைத்தார்கள். போனுக்கு முன்னால் கேபிள் தேயட்டும், கேபிள்தானே மலிவு என்பது அவர்கள் கணக்கு. டைப்-சி போனாக இருந்தால் தலையைத் திருப்பிப் போட்டும் பாருங்கள். வாயின் இரு பக்கத்திலும் டேட்டா பின்கள் இருப்பதால், ஒரு பக்கம் செத்திருந்தாலும் மறுபக்கம் வேலை செய்யலாம்.

சார்ஜ் ஏறுகிறதே, பிறகென்ன என்று நினைப்பதும் தவறு. மைக்ரோ யுஎஸ்பியில் ஐந்து பின்கள். மின்சாரம் ஓரத்துப் பின்களில் போகிறது. தகவல் நடுவில் உள்ள இரண்டில் போகிறது. அந்த இரண்டில் ஒன்று விட்டுப்போனாலும் கம்ப்யூட்டருக்குப் போன் தெரியாது. சார்ஜ் மட்டும் வழக்கம்போல ஏறும். தெருவோரத்தில் விற்கும் மலிவுக் கேபிள்கள் சிலவற்றில் தகவலுக்கான கம்பிகளே இருப்பதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

இதையெல்லாம் பார்த்த பிறகும் வாய் செத்தது உறுதி என்றால், நிலைமையைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். பழுதான போனைக் கம்ப்யூட்டரிலிருந்து மீட்க ஓடின், ஃபாஸ்ட்பூட், எஸ்பி ஃப்ளாஷ் டூல் என்று பல கருவிகள் உண்டு. எல்லாமே கேபிள் வழியாகத்தான் போனுக்குள் போகின்றன. ஆண்ட்ராய்டு எழுவதற்கு முன்னால் ஓடும் பூட்லோடர் மிகச் சிறிய நிரல். அதற்கு வைஃபை என்றால் என்னவென்றே தெரியாது. ஆண்ட்ராய்டு 11 முதல் வைஃபை வழியாகவே டீபக் செய்யும் (கம்ப்யூட்டரிலிருந்து போனுக்குக் கட்டளை அனுப்பும்) வசதி வந்திருப்பது உண்மைதான். ஆனால் போன் முழுதாக எழுந்து நின்றால்தான் அது உதவும். ஓடிஜி (போனில் பென் டிரைவை இணைக்க உதவும் சிறு இணைப்பான்) போட்டுப் பென் டிரைவைச் சொருகலாமே என்று என் மாமன் மகன் யோசனை சொன்னான். சொருகுவது எந்த வாயில்? வயர்லெஸ் சார்ஜிங் உள்ள போனாக இருந்தாலும் அந்த வழியில் மின்சாரம் மட்டுமே வரும். கம்ப்யூட்டர் தகவல் அனுப்ப முடியாது. ஆக, கயிறு அறுந்த கிணற்றில் இறங்குவது போன்ற வேலை இது. தவறிப்போனால் மேலே இழுக்க ஆளில்லை.

அடுத்தது நான் நன்றாக மாட்டிக்கொண்ட இடம். வால்யூம் பட்டனையும் பவர் பட்டனையும் சேர்த்து அழுத்தி ரெக்கவரிக்குள், அதாவது ஆண்ட்ராய்டு எழாவிட்டாலும் திறக்கும் பழுதுநீக்கும் பட்டியலுக்குள் போனேன். போனில் உள்ளதையெல்லாம் அழித்துப் புதிதுபோல் ஆக்கும் 'வைப் டேட்டா, ஃபேக்டரி ரீசெட்' என்ற வரியைத் தேர்ந்தெடுத்தேன். ஐந்து நிமிடத்தில் போன் எழுந்துவிட்டது. பெரியம்மா காபி கொடுத்துப் பாராட்டினார். காபி ஆறுவதற்குள், இந்தப் போனில் முன்பு இருந்த கூகுள் கணக்கைக் கொடு என்று திரை கேட்டது. 2015-இல் ஆண்ட்ராய்டு 5.1 வந்ததிலிருந்து இருக்கும் திருட்டுத் தடுப்புப் பூட்டு அது. ரெக்கவரி வழியாக அழித்தால், பழைய கணக்கைக் கொடுக்காமல் போன் வாசலைத் தாண்ட விடாது. பெரியப்பாவுக்குக் கணக்கும் தெரியாது, கடவுச்சொல்லும் தெரியாது. போன் வாங்கிய அன்றைக்கு, விற்ற கடைப் பையனே ஒரு முகவரியைத் திறந்து, ஒரு கடவுச்சொல்லைத் தட்டி, கையில் கொடுத்துவிட்டான். நம் மாவட்டத்தில் பெரியவர்கள் வைத்திருக்கும் போன்களில் இப்படிப் பிறந்த கணக்குகள் எத்தனையோ.

தப்பித்தது எப்படி என்றால், அந்தப் பையன் மீட்பு எண்ணாகப் பெரியப்பாவின் எண்ணையே கொடுத்திருந்தான். சிம்மைக் கழற்றி என் போனில் போட்டு, கணக்கு மீட்புப் பக்கத்துக்குப் போனதும் ஓடிபி வந்தது. ஆகவே, ரீசெட் என்ற சொல்லை நினைப்பதற்கு முன்பே, போன் எழுகிற நிலையில் இருந்தால், அமைப்புகளில் கணக்குகள் பகுதியைத் திறந்து முகவரியைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வேறொரு போனில் அந்தக் கணக்குக்குள் நுழைய முடிகிறதா என்று பாருங்கள். கடவுச்சொல்லை மாற்ற நேர்ந்தால் 24 மணி நேரம் கழித்து ரீசெட் செய்யச் சொல்கிறது கூகுள். மிகப் பழைய போனாக இருந்தால் இன்னொரு சங்கடமும் உண்டு: ஆண்ட்ராய்டு 2.3.7-உம் அதற்கு முந்தையவையும் ஓடும் போன்களில் 2021 செப்டம்பர் 27 முதல் கூகுள் கணக்குக்குள் நுழையவே முடியாது. அப்படிப்பட்ட போனை ரீசெட் செய்தால் கணக்கைத் திரும்பச் சேர்க்க வழியில்லை.

படங்கள் எங்கே போயின என்று பெரியப்பா கேட்டபோதுதான் அடுத்த தவறு தெரிந்தது. மெமரி கார்டில் இருக்கிறது, கார்டுக்கு ஒன்றும் ஆகாது என்று நம்பியிருந்தேன். ஆண்ட்ராய்டு 6-இலிருந்து சில கம்பெனிப் போன்கள் கார்டைப் போனின் உள்நினைவகமாகவே மாற்றிக்கொள்ளும் வசதியைத் தருகின்றன. அப்படி மாற்றினால் கார்டில் உள்ளதெல்லாம் பூட்டி எழுதப்படும். சாவி அந்தப் போனுக்குள் இருக்கும். ரீசெட்டில் சாவி அழிந்தது. பேத்தியின் காதுகுத்துப் படங்களும் போயின. பின்னர் ஒருவர் படங்களை மீட்டுத் தருவதாகப் பணம் கேட்டார். சாவியே இல்லாதபோது எதைத் திறப்பார்? ரீசெட்டுக்கு முன்பே கார்டைக் கழற்றி வேறொரு போனில் போட்டுப் பாருங்கள். படங்கள் தெரிந்தால் நிம்மதி. ஃபார்மேட் செய்யச் சொல்லிக் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ரீசெட்டையும் அப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

கேபிளே இல்லாமல் சாஃப்ட்வேர் போட நேர்மையான வழிகள் இரண்டுதான். போன் எழுகிறது என்றால் அமைப்புகளில் உள்ள அப்டேட் வழியாக வைஃபையில் இறக்கலாம். எழவில்லை என்றால், சில போன்களின் ரெக்கவரியில் எஸ்டி கார்டிலிருந்து அப்டேட் போடும் வரி இருக்கும். இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். கம்ப்யூட்டர் கருவிக்காகத் தயாரித்த கோப்பைக் கார்டில் ஏற்றி வைத்துவிட்டு, ஏற்க மறுக்கிறதே என்று திட்டுகிறார்கள். ரெக்கவரி, தயாரித்த கம்பெனி கையொப்பமிட்ட அப்டேட் கோப்பை மட்டுமே ஏற்கும். கார்டும் பெரும்பாலும் எஃப்ஏடி 32 என்ற கோப்பு அடுக்கும் முறையில் ஃபார்மேட் ஆகியிருக்க வேண்டும். ஒரே பெயரில் விற்கும் போனுக்கு உள்ளே மூன்று நான்கு மாடல் எண்கள் இருக்கலாம். கடைசி எழுத்து வரை ஒத்துப்பார்க்க வேண்டும். பழைய பதிப்புதான் வேகமாக இருந்தது என்று பின்னோக்கிப் போவதையும் பல போன்கள் தடுக்கின்றன. ரூட் செய்து (கம்பெனி போட்ட பூட்டை உடைத்து முழு அதிகாரம் பெற்று) தருவதாகச் சொல்லும் ஒற்றைப் பொத்தான் செயலிகளைத் தொடவே தொடாதீர்கள். கேபிள் வேலை செய்யும் போனிலேயே அவை விஷப்பரீட்சை.

பேட்டரி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தீப்பெட்டி முட்டுக்கொடுத்து ஏற்றிய 20 சதவீதத்தை வைத்துக்கொண்டு அப்டேட்டைத் தொடங்காதீர்கள். பாதியில் அணைந்தால் போன் கல்லாகிவிடலாம். கழற்றும் பேட்டரி என்றால் வெளியே வைத்து முழுதாக ஏற்றிக்கொள்ளுங்கள். உப்பிய பேட்டரியை ஏற்றவே கூடாது.

ரீசெட்டுக்குப் பின் வைஃபை கிடைத்தும் கணக்குக்குள் போக முடியவில்லையா? தேதியைப் பாருங்கள். பேட்டரி அடியோடு தீர்ந்த போனில் தேதி பல ஆண்டுகள் பின்னால் போயிருக்கும். பாதுகாப்புச் சான்றிதழ்கள் அந்தத் தேதிக்குச் செல்லாது. சிம்மைப் போட்டால் பெரும்பாலும் நேரம் தானாகச் சரியாகிவிடும். நான் சிம்மை என் போனிலேயே விட்டுவிட்டு ஒரு மாலை முழுவதும் மோடத்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

உண்மையில் நான் முதலில் செய்திருக்க வேண்டியது, சில நூறு ரூபாய் செலவில் வாயை மாற்றுவதுதான். சாஃப்ட்வேர் அதற்குப் பிறகு. பல போன்களில் சார்ஜிங் வாய் தனியாக ஒரு சிறு போர்டில் இருக்கும். பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டினால் வேலை முடிந்தது. தாய் போர்டிலேயே பற்றவைத்திருந்தால் கைப்பழக்கம் உள்ளவர் வேண்டும். பழைய மாடலுக்குக் கிருஷ்ணகிரியிலோ தருமபுரியிலோ போர்டு கிடைக்காவிட்டால், ஓசூரைத் தாண்டிப் பெங்களூரு எஸ்பி ரோட்டில் தேடிப் பார்க்கலாம். கடையில் கொடுக்கும்போது சார்ஜிங் வாயை மட்டும் மாற்றுங்கள், வேறெதையும் அழிக்காதீர்கள் என்று தெளிவாகச் சொல்லுங்கள். திரும்ப வாங்கும்போது சார்ஜ் ஏறுவதைக் காட்டினால் போதாது. கடைக் கம்ப்யூட்டரில் சொருகி, போனில் உள்ள கோப்புகள் திரையில் தெரிகின்றனவா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.