பழைய அமெரிக்கன் பெரிய கார் வாங்கப் போறீங்களா? மொதல்ல டிக்கிக்குள்ள படுத்துப் பாருங்க

என் கராஜுல ஒரு 1967 செவர்லே இம்பாலா நிக்குது. ரெண்டு கதவு மாடல், கூரை அப்படியே டிக்கி வரைக்கும் சரிஞ்சு இறங்கும், பாத்தா கண்ணு எடுக்க முடியாது. ஒஹாயோவுக்குக் கொண்டுவந்து ரெண்டு வருஷம் ஆச்சு, இதுவரைக்கும் ஓட்டினது மொத்தமே ஐம்பது மைல் இருந்தா பெருசு. ஏன்னு கீழ சொல்றேன். இதே மாதிரி ஒண்ணு வாங்கி ரெடி பண்ணணும்னு ஆசைப்படுற நம்ம ஆளுங்க நெறைய பேர் கேக்குறாங்க, ஒவ்வொருத்தருக்கும் தனியா பதில் போட்டு மாளல, அதான் இந்தப் பதிவு. கார்புரேட்டர்னா என்ன, வி8னா என்னன்னெல்லாம் ஆரம்பிக்கப் போறதில்ல, அது நீங்களே பாத்துக்குவீங்க.

ஸ்டெப் 1: கராஜை அளங்க

சிரிக்காதீங்க. 1967 இம்பாலா கிட்டத்தட்ட 213 இன்ச் நீளம், அதாவது 17 அடி 9 இன்ச், அகலம் 80 இன்ச் கிட்ட. 1973லேர்ந்து 1976 வரைக்கும் வந்ததெல்லாம் இன்னும் நீளம், 220 இன்ச்சைத் தாண்டிடும். என் கராஜ் 20 அடி ஆழம், "தாராளமா நிக்கும்"னு நெனச்சேன், மூலையில வாட்டர் ஹீட்டர் இருக்குறதை மறந்துட்டேன். அதுவும் நாம நிறுத்தி வைக்க வாங்கல, கழட்டப் போறோம். கழட்டுன பானட்டு, பம்பர், சீட்டு எல்லாம் எங்க வைப்பீங்க? ரெண்டு கார் நிக்குற எடம் இருந்தாத்தான் ஒரு காரை வேலை பாக்க முடியும்.

ஸ்டெப் 2: எந்த வண்டி

இது முழுக்க என் கருத்து, சண்டைக்கு வராதீங்க. மொத வண்டின்னா 1965லேர்ந்து 1970 வரைக்குமான இம்பாலா, ரெண்டு கதவு. 1965 மாடல் மட்டும் 10 லட்சத்துக்கு மேல வித்துச்சு, அதனால இன்னைக்கும் தகரத்துலேர்ந்து ரப்பர் பீடிங் வரைக்கும் புதுசா அடிச்சு விக்குறாங்க. நாலு கதவு வண்டி விலை கம்மியா இருக்கும், ஆனா அதோட பின் கதவு, கண்ணாடியெல்லாம் யாரும் புதுசா பண்றதில்ல, இன்னொரு செத்த வண்டியைத் தேடித்தான் எடுக்கணும். (1967 நாலு கதவு ஹார்டுடாப், அதாவது ஜன்னல்களுக்கு நடுவுல தூண் இல்லாத மாடல் மட்டும், ஒரு டிவி சீரியல் புண்ணியத்துல விலை எகிறிப்போச்சு, அது தனிக் கதை.)

ஃபோர்டு கேலக்ஸியும் நல்ல வண்டிதான், ஆனா 1965க்கு அப்புறம் வந்ததுல பின் சக்கரத்துக்கு முன்னாடி, சேசிஸ் வளைஞ்சு ஏறுற எடத்துல இருக்குற டார்க் பாக்ஸ் (torque box, சேசிஸோட பெட்டி மாதிரியான இணைப்புப் பகுதி) துரு புடிச்சு உதிரும், கண்டிப்பா தட்டிப் பாருங்க. கிரைஸ்லர் நியூபோர்ட் மாதிரி வண்டிகளுக்கு 1960லேர்ந்தே தனி சேசிஸ் கெடையாது, பாடியும் சேசிஸும் ஒண்ணு, அதனால தரை துரு புடிச்சா வெறும் தரை போச்சுன்னு விட முடியாது, வண்டியோட முதுகெலும்பே போச்சு. ப்யூக், ஓல்ட்ஸ்மொபைல் எல்லாம் அழகு, ஆனா அதோட கிரோம் அலங்காரம் ஒண்ணு காணோம்னா தேடித் தேடியே வயசாயிடும். அந்தக் காலத்து கிரில் ஓரம், லைட் வளையம் நெறைய துத்தநாகக் கலவையில வார்த்தது, உள்ளேர்ந்து கொப்புளம் கொப்புளமா வரும், மறுபடி கிரோம் போடுற செலவுல ஒரு எஞ்சினே வாங்கிடலாம். அதனால காரைப் பாக்கப் போனா கிரோம் துண்டு ஒவ்வொண்ணையும் எண்ணுங்க.

ஸ்டெப் 3: கையில என்ன கொண்டு போறது

ஃபிரிட்ஜுல ஒட்டுற தட்டையான காந்தம் ஒண்ணு. வீரியமான காந்தம் வேணாம், அது துருவை மறைக்கப் பூசின பட்டிக்கு மேலயே போய் ஒட்டிக்கும், நமக்கு வேண்டியது பட்டி இருந்தா ஒட்டாம நழுவுற சோப்ளாங்கி காந்தம். பழைய ஸ்க்ரூ டிரைவர், டார்ச், படுக்க ஒரு அட்டை, போன்ல மாட்டுற வயர் கேமரா. பெயிண்ட் கனம் பாக்குற மீட்டர் வாங்குங்கம்பாங்க, என்னைக் கேட்டா அந்தக் காசுக்கு நல்ல ஜாக் ஸ்டாண்ட் வாங்கலாம்.

ஸ்டெப் 4: பின் கண்ணாடியோட அடி ஓரம்

இங்கதான் நான் விழுந்தேன், அதனால கொஞ்சம் நீட்டிச் சொல்றேன்.

இந்த வண்டிகள்ல பின் கண்ணாடியைச் சுத்தி ஒரு பள்ளம் இருக்கும், கண்ணாடி அதுலதான் உக்காந்திருக்கும். அந்தப் பள்ளத்தை மறைக்க மேல பளபளன்னு ஸ்டீல் பட்டை. பட்டையைப் பிடிச்சு நிறுத்த சின்னக் கிளிப், கிளிப் மாட்ட பள்ளத்துலயே வெல்டு பண்ணின சின்ன முளை. அந்த முளையைச் சுத்தி பெயிண்ட் சரியா ஏறாது. மழைத் தண்ணி பட்டைக்கு அடியில எறங்கும், கூடவே எலைக் குப்பை, மண்ணு, எல்லாம் சேந்து ஐம்பது வருஷமா ஊறிக்கிட்டே கெடக்கும். கண்ணாடி சரிஞ்சு கெடக்குற என் மாடல்ல தண்ணி முழுக்க அந்த அடி ஓரத்துக்குத்தான் வந்து சேரும். பள்ளம் ஓட்டையானதும் தண்ணி நேரா டிக்கிக்குள்ள. டிக்கித் தரை போகும், ஸ்டெப்னி டயர் குழி போகும், கடைசியில பாடியை சேசிஸ் மேல உக்கார வைக்கிற மவுண்ட்டுகிட்ட இருக்குற தகரமும் போகும். வெளிய நின்னு பாத்தா ஒண்ணும் தெரியாது, ஸ்டீல் பட்டை ஜொலிச்சுக்கிட்டிருக்கும்.

எனக்கு வித்த பெரியவர் டிக்கியில புத்தம்புது கார்ப்பெட் போட்டு வச்சிருந்தார். "எவ்ளோ நீட்டா வச்சிருக்காரு பாரு"ன்னு சந்தோஷப்பட்டேன், மடையன். 8,500 டாலர் எண்ணிக் குடுத்தேன். மொத மழை முடிஞ்சு டிக்கியைத் திறந்தா கார்ப்பெட் சதசதன்னு, தூக்கிப் பாத்தா கராஜ் தரை தெரியுது. கண்ணாடி எடுத்து, பள்ளம் முழுக்க புதுத் தகரம் வெட்டி வெல்டு வச்சு, டிக்கித் தரை மாத்தி, 4,200 டாலர். டிங்கர் வேலை தெரிஞ்ச ஆள் கிடைக்கவே எட்டு மாசம்.

எப்படிப் பாக்கணும்னா, டிக்கியைத் திறந்து உள்ள மல்லாந்து படுங்க. வெக்கப்படாதீங்க. தலைக்கு மேல, கண்ணாடிக்கும் டிக்கி மூடிக்கும் நடுவுல வர்ற தகரத்தோட அடிப்பக்கம் டார்ச் அடிங்க. துருக் கோடு ஒழுகின தடம் தெரியுதா, வெளிச்சம் ஊசி ஊசியா உள்ள வருதா, விரலால அழுத்தினா நொறுநொறுங்குதா பாருங்க. கார்ப்பெட்டைத் தூக்குங்க. தூக்க விடலேன்னா கெளம்பி வந்துருங்க. கூரையில வினைல் ஒட்டின வண்டின்னா கண்ணாடி ஓரத்துல அப்பளம் பொரிஞ்ச மாதிரி எழும்பியிருக்கான்னு தடவுங்க, இருந்தா அடியில தகரமே இருக்காது.

ஸ்டெப் 5: மிச்ச பாடி

சீக்கிரம் சொல்லிடறேன். முன் சக்கரத்துக்குப் பின்னாடி ஃபெண்டரோட கீழ்மூலை, பின் சக்கர வளைவு, ரெண்டுலயும் காந்தம். முன் கண்ணாடிக்குக் கீழ காத்துப் போற ஜன்னல் மாதிரி இருக்கும்ல, அதுக்கு அடியில துரு புடிச்சா டிரைவர் கால்ல தண்ணி சொட்டும், மிதியடியைத் தூக்கிப் பாருங்க. கதவைப் பாதி திறந்து மேல தூக்கினா ஆடினா கீல் தேஞ்சிருக்கு. சேசிஸ் பின் அச்சுக்கு மேல வளையுற எடத்தை ஸ்க்ரூ டிரைவரால குத்துங்க. அடியில புதுசா கருப்பு அண்டர்கோட் அடிச்சிருந்தா எனக்கு உடனே சந்தேகம்தான்.

ஸ்டெப் 6: எஞ்சின்

ஓடலேன்னாலும் பயப்படாதீங்க. 283, 327 (கியூபிக் இன்ச் அளவை வச்சுச் சொல்ற வி8 எஞ்சின்கள்) ரெண்டுக்கும் பார்ட்ஸ் கொட்டிக் கெடக்கு, இந்த வண்டியில கஷ்டமே இல்லாதது எஞ்சின்தான். போறதுக்கு முன்னாடி "ஸ்டார்ட் பண்ணி வைக்காதீங்க"ன்னு சொல்லுங்க, போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்க, சூடா இருந்தா எதையோ மறைக்கிறாங்க. பவர்கிளைட் கியர்பாக்ஸ்ல ரெண்டே கியர்தான், அது ரிப்பேர் இல்ல, அப்படித்தான். 1966 வரைக்கும் பிரேக் மாஸ்டர் சிலிண்டர் ஒத்தை அறை, ஒரு எடத்துல லீக் ஆனா நாலு சக்கரமும் போச்சு. 1967லேர்ந்து ரெண்டு அறை. பழைய மாடல் வாங்கினா மொத வேலையா மாத்துங்க.

ஸ்டெப் 7: வின் நம்பர், டைட்டில்

நம்மூர் ஆர்சி புக் மாதிரி இங்க டைட்டில். அதுல இருக்குற வின் நம்பரும் (வண்டியோட அடையாள நம்பர்) வண்டியில இருக்குற தகடும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகணும். இம்பாலால 1967 வரைக்கும் டிரைவர் கதவுக் கீல் தூண்ல தகடு இருக்கும், 1968லேர்ந்து டேஷ்போர்டு மேல. மொத்தம் 13 எழுத்து. என்னுது 164877ன்னு ஆரம்பிக்கும்: 1 செவர்லே, 64 வி8 போட்ட இம்பாலா, 87 ரெண்டு கதவு ஸ்போர்ட் கூப், 7 வருஷம். எஸ்எஸ் (சூப்பர் ஸ்போர்ட்) மாடல்னு சொல்லி கூட காசு கேட்டா நம்பரைப் பாருங்க, 1967ல வி8 எஸ்எஸ்ஸுக்கு 168ன்னுதான் ஆரம்பிக்கணும். 164ன்னு இருந்து எஸ்எஸ் பேட்ஜ் ஒட்டியிருந்தா பேட்ஜுக்குத்தான் காசு குடுக்கறீங்க.

டைட்டில் இல்லாத வண்டி எவ்ளோ மலிவா வந்தாலும் வேணாம். ஆனா நியூயார்க் மாநிலத்துல 1972, அதுக்கு முந்தின வண்டிகளுக்கு டைட்டிலே தர்றதில்ல, ரெஜிஸ்ட்ரேஷன் பேப்பரை வச்சே மாத்திக்குறாங்க, அதைப் பாத்துப் பதறாதீங்க.

ஸ்டெப் 8: எங்க தேடுறது

ஒஹாயோ, மிச்சிகன் பக்கம் குளிர்காலத்துல ரோட்டுல உப்பு போடுவாங்க, அதனால அரிசோனா, நியூ மெக்சிகோ வண்டியைத் தேடுங்க. அங்க டேஷ்போர்டும் சீட்டும் வெயில்ல அப்பளமாயிருக்கும், பரவால்ல, சீட்டுத் துணி மாத்துறது வெல்டிங்கை விட எவ்ளவோ சுலபம். ஹெம்மிங்ஸ்ல (பழைய கார் விளம்பரம் வர்ற தளம்) விலை பாத்து வச்சுக்கங்க, பார்ட்ஸுக்கு அக்டோபர்ல பென்சில்வேனியா ஹெர்ஷி சந்தைக்கு ஒரு தடவை போய்ட்டு வாங்க, கால் வலிக்கும்.

பின்சேர்க்கை 1: டிக்கி செக் பண்ண கண்ணாடி மேல ஒரு ஜக்கு தண்ணி ஊத்திப் பாக்கலாம்னு முன்னாடி எழுதியிருந்தேன். ஒரு நண்பர் கேக்காம ஊத்தி பின் சீட்டு நனைஞ்சு பெரிய வாக்குவாதம் ஆயிடுச்சாம். கேட்டுட்டு ஊத்துங்க.

பின்சேர்க்கை 2: இதை நான் யோசிக்கவே இல்ல, கமெண்ட்ல ஒருத்தர் சொன்னது. வாடகை டிரெய்லர்ல வண்டியை ஓட்டி ஏத்தினார், இம்பாலா கதவு நீளம், டிரெய்லரோட மட்கார்டு இடிச்சு ரெண்டு பக்கமும் கதவு திறக்கல. கண்ணாடி இறக்குற கைப்பிடி உடைஞ்சிருந்துச்சு. முக்கா மணி நேரம் உள்ளயே உக்காந்திருக்கார். ஏத்துறதுக்கு முன்னாடியே ஜன்னலை இறக்கிடுங்க, இறங்கலேன்னா விஞ்ச் போட்டு இழுத்து ஏத்துங்க, உள்ள யாரும் உக்காராதீங்க.