வேன் கூரையில் சோலார்: பேனல் வாங்கும் முன்பே நடக்கும் தவறுகள்

பெங்களூர் அல்சூரில் இருக்கும் என் அக்காவும் மாமாவும் பழைய டிராவலர் வேன் ஒன்றை வாங்கி, உள்ளே படுக்கையும் சின்னச் சமையல் மேடையும் போட்டார்கள். வேலை முடிந்ததும் மாமா என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "கூரை மேல எத்தனை பேனல் பிடிக்கும்?" என்பதுதான். தவறு இங்கேயே தொடங்கிவிடுகிறது. ஒரு நாளைக்கு வண்டிக்குள் எவ்வளவு கரண்ட் செலவாகும் என்பது தெரிந்த பிறகே கூரையைப் பார்க்க வேண்டும்.

கணக்கு எளிது. ஒரு பொருளின் வாட்டை, அது ஓடும் மணி நேரத்தால் பெருக்கினால் வாட்-அவர். அப்படி 1000 சேர்ந்தால் கரண்ட் பில்லில் வரும் ஒரு யூனிட். அக்காவுக்குச் சட்னி அரைக்க மிக்சி வேண்டும். 750 வாட் மிக்சி பேட்டரியைக் காலி செய்துவிடும் என்று மாமா பயந்தார். ஐந்து நிமிடம் ஓடினால் அது எடுப்பது 60 வாட்-அவரை ஒட்டித்தான். இரவெல்லாம் ஓடும் 25 வாட் மின்விசிறியோ பத்து மணி நேரத்தில் 250 எடுத்துவிடும். மிக்சிக்குப் பெரிய இன்வெர்ட்டர் வேண்டும், மின்விசிறிக்குப் பெரிய பேட்டரி வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் பலர் தேவையில்லாத இடத்தில் பணத்தைப் போடுகிறார்கள்.

மின்விசிறி, 12 வோல்ட் ஃபிரிட்ஜ், விளக்கு, லேப்டாப், போன்கள், மிக்சி எல்லாம் சேர்த்து அவர்களுக்கு நாளைக்கு ஒரு யூனிட்டை ஒட்டி வந்தது. இண்டக்ஷன் அடுப்பை நான் சேர்க்க விடவில்லை. 1800 வாட்டில் இருபது நிமிடம் ஓடினாலே 600 போய்விடும். சமையலுக்கு கேஸ் போதும்.

அடுத்த தவறு, பேனல் அட்டையில் போட்டிருக்கும் வாட்டை அப்படியே நம்புவது. அது 25 டிகிரி வெப்பத்தில் சோதித்துப் போட்ட எண். வெயிலில் நிற்கும் வேன் கூரை மேல் பேனல் 65 டிகிரிக்குப் போகும். டிகிரிக்கு 0.35 முதல் 0.4 சதவீதம் வரை உற்பத்தி குறையும் என்பதால், சூட்டிலேயே 15 சதவீதம் போய்விடும். பேனலுக்கும் கூரைக்கும் நடுவே காற்றுப் போக இரண்டு அங்குலமாவது விடுங்கள். தூசு, வயர், பேட்டரிக்குப் போகும் கரண்டைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் போகும். ஆகவே எழுபது சதவீதம் கையில் வரும் என்று வைத்துக்கொள்வது நல்லது. நாள் முழுக்க விழும் வெயிலை உச்சி வெயிலாகச் சுருக்கிப் பார்த்தால், பெங்களூரில் மார்ச்சில் ஆறு மணி நேரத்துக்குக் குறையாமல் வரும், ஜூலையில் நாலரையை ஒட்டித்தான். அதாவது 300 வாட் பேனல் மார்ச்சில் 1260 வாட்-அவர் தரும், ஜூலையில் 945. அதே ஜூலையில் மழை கொட்டும் மடிக்கேரிக்குப் போனால் இன்னும் குறையும். மார்ச்சை வைத்துக் கணக்குப் போடுபவர்கள் மழைக்காலத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

அப்புறம் நிழல். தூங்குமூஞ்சி மரம் எங்கே நிற்கிறதோ அங்கே வண்டியை விடுவது நம் ஊர் வழக்கம், உள்ளே தூங்குபவருக்கும் அதுதான் சுகம். ஆனால் சாதாரணப் பேனலில் செல்கள் மூன்று கூட்டமாகத்தான் இணைந்திருக்கும். ஒரே ஒரு செல் மேல் கிளையின் நிழல் விழுந்தாலும் அந்தக் கூட்டமே படுத்துவிடும், மூன்றில் ஒரு பங்கு போச்சு. கூரையில் ஒரு பேனல், வெயில் இருக்கும் இடத்தில் தரையில் விரிக்க மடக்குப் பேனல் ஒன்று என்று வைத்துக்கொண்டால் இரண்டுக்கும் வழி உண்டு.

பேட்டரியில் நடக்கும் தவறு உடம்புக்கே ஆபத்து. வீட்டு இன்வெர்ட்டரின் 12 வோல்ட், 150 ஏஎச் (ஆம்ப்-அவர்; வோல்ட்டால் பெருக்கினால் வாட்-அவர்) ட்யூபுலர் பேட்டரியை வேனுக்குள் தூக்கி வைப்பவர்கள் இருக்கிறார்கள். ஐம்பது கிலோவுக்கு மேல் கனம். 1800 வாட்-அவரில் பாதியைத்தான் தினமும் எடுக்கலாம். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வேறு வெளிவரும். ஆள் தூங்கும் மூடிய வண்டிக்குள் தயவுசெய்து அதை வைக்காதீர்கள். 100 ஏஎச் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி பன்னிரண்டு கிலோவை ஒட்டித்தான் இருக்கும், ஆயிரம் வாட்-அவரைத் தாராளமாக எடுக்கலாம். ஆனால் அதற்கேற்ற சார்ஜர் வேண்டும், பழைய வீட்டு இன்வெர்ட்டரில் மாட்டக் கூடாது. வண்டி ஓடும்போது எஞ்சினோடு சுற்றிக் கரண்ட் தரும் ஆல்டர்னேட்டரிலிருந்து சார்ஜ் செய்ய நினைத்தால், கரண்டை அளவோடு விடும் டிசி-டிசி சார்ஜர் நடுவில் கட்டாயம். நேரடியாக இணைத்தால் லித்தியம் அளவு மீறி இழுத்து ஆல்டர்னேட்டரைச் சூடாக்கிவிடும்.

வயரில் மிச்சம் பிடிப்பதுதான் எனக்கு அதிகக் கவலை தருவது. பெங்களூரில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்பி ரோட்டில் பேனல், கன்ட்ரோலர் எல்லாம் பேரம் பேசி வாங்கிவிட்டு, வயருக்கு வரும்போது "இருப்பதே போதும்" என்பார்கள். அதே வாட்டுக்கு 12 வோல்ட்டில் ஆம்ப் மிக அதிகம். ஐந்து மீட்டர் தூரத்துக்கு 4 ஸ்கொயர் எம்எம் தாமிர வயரில் 20 ஆம்ப் போனால், போகவரச் சேர்த்து 0.86 வோல்ட் வழியிலேயே போய்விடும். அதனால்தான் ஃபிரிட்ஜ் அடிக்கடி நின்றுபோகும். 1500 வாட் இன்வெர்ட்டர் முழுச் சுமையில் 140 ஆம்ப் வரை இழுக்கும், அதைப் பேட்டரிக்குப் பக்கத்திலேயே தடித்த வயரில் வையுங்கள். பேட்டரியின் பாசிட்டிவ் முனையை ஒட்டி ஃபியூஸ் இருந்தே ஆக வேண்டும். வீட்டு ஏசி மின்சாரத்துக்கான எம்சிபியை (கோளாறு வந்தால் தானாக அணையும் பிரேக்கர்) இங்கே போடுவது இன்னொரு தவறு. ஏசி மின்சாரம் நொடிக்கு நூறு முறை பூஜ்ஜியத்தைத் தொடுவதால் தீப்பொறி தானாக அணையும். பேட்டரி தரும் டிசியில் அந்த இடைவெளி கிடையாது, பொறி நீண்டு எரியும். டிசி என்று குறிப்பிட்ட பிரேக்கர்தான் வேண்டும்.

இன்வெர்ட்டரை இரவெல்லாம் ஆன் செய்தே விடாதீர்கள். எதுவும் மாட்டாவிட்டாலும் 15 வாட் தின்னும் இன்வெர்ட்டர் ஒரு நாளில் 360 வாட்-அவரை முழுங்கிவிடும். போன், மின்விசிறி, விளக்கை எல்லாம் நேராக 12 வோல்ட்டில் ஓட்டலாம்.

கூரையில் துளை போடும் முன் ஆர்டிஓவிலும் காப்பீட்டு நிறுவனத்திலும் கேட்டுவிடுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, வண்டியைத் தன்னிஷ்டத்துக்கு மாற்ற விடுவதில்லை.

எல்லாம் மாட்டியதும் நேராகப் பந்திப்பூர் பக்கம் கிளம்பாமல், வண்டியை வீட்டு வாசலில் நிறுத்தி இரண்டு இரவு உள்ளே தூங்கிப் பாருங்கள். காலையில் மீதியைப் பார்க்க வோல்ட் மீட்டரை நம்ப வேண்டாம். லித்தியத்தில் 70 சதவீதத்துக்கும் 40 சதவீதத்துக்கும் இடையே ஏறக்குறைய 0.1 வோல்ட்தான் வித்தியாசம். உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் எண்ணும் ஷன்ட் மீட்டர் ஒன்றை மாட்டிக்கொள்ளுங்கள். மாமா வண்டியில் அதைக் கடைசியில்தான் சேர்த்தோம். இப்போது அக்கா மிக்சி போடும் முன் முதலில் பார்ப்பது அதைத்தான்.