மீன் தொட்டிச் செடியில் புது இலையைப் பாருங்கள்

"செடி வாங்கி வைத்தேன், பத்தே நாளில் அழுகிவிட்டது." பினாங்கில் மீன் தொட்டி வைத்திருக்கும் நண்பர்கள் அடிக்கடி சொல்வது இது. பாதிக்கு மேல் அது அழுகலே இல்லை. செடி வீடு மாறிய களைப்பு.

சுங்கை ஆராவில் எங்கள் அடுக்குமாடி வீட்டுத் தொட்டியில் கிரிப்டோகோரைன், சுருக்கமாகக் கிரிப்டோ, என்ற நீர்ச்செடியில் ஆறு நட்டேன். இரண்டாம் வாரம் இலைகள் கண்ணாடிபோல் ஆகி, குழைய வெந்த கீரையாகக் கையோடு வந்தன. செத்துவிட்டது என்று ஐந்தைப் பிடுங்கிக் குப்பையில் போட்டேன். ஆறாவதைக் குழாயில் அலசியபோதுதான் பார்த்தேன்: வேர் வெள்ளையாக, விறைப்பாக இருந்தது. நடுவில் அரிசி அளவுக்கு ஒரு குருத்து சுருண்டு நின்றது. அதைத் திரும்ப நட்டேன். இன்று தொட்டியின் பாதியை அந்த ஒன்றின் கன்றுகள்தான் மூடியிருக்கின்றன. மற்ற ஐந்தையும் நினைத்தால் இன்னும் மனசு வலிக்கிறது.

பண்ணைகளில் பல செடிகளை இலை காற்றில் இருக்கும்படிதான் வளர்க்கிறார்கள். அந்த இலை தண்ணீருக்குள் சரியாக வேலை செய்யாது. செடி அதை உதிர்த்துவிட்டு, தண்ணீருக்கென்றே மெல்லிய இலைகளை விடும். கிரிப்டோவுக்கு இடம், வெளிச்சம், தண்ணீர் எது மாறினாலும் இப்படித்தான். ஆகவே கொழகொழத்த இலையை மட்டும் வெட்டி வெளியே எடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் கெடும். வேரைத் தொடாமல் ஒரு மாதம் பொறுங்கள். நம் மலேசியத் தீபகற்பத்துக் காட்டு ஓடைகளில் சொந்தமாக வளரும் கிரிப்டோ வகைகளும் உண்டு. லேசில் சாகிற குடும்பம் இல்லை.

ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ் என்ற செடிகளின் கதை வேறு. இவற்றில் இலையும் வேரும் கிளம்பும் தடித்த தண்டை மணலில் புதைத்தால் நிஜமாகவே அழுகிவிடும். ஜாவா ஃபெர்ன் இயற்கையில் ஓடைப் பாறையைப் பற்றி வளர்வது. கல்லிலோ மரக்கட்டையிலோ நூலால் கட்டிவிட்டால் போதும்.

விளக்கைக் காலை முதல் இரவு வரை எரியவிடுவது இன்னொரு தவறு. கரியமில வாயு தனியாகக் கொடுக்காத தொட்டியில் அந்த வெளிச்சம் முழுவதும் பாசிக்குத்தான் போகும். ஆறேழு மணி நேரம் போதும். ஒரு டைமர் வாங்கி மாட்டிவிடுங்கள். பிற்பகல் வெயில் விழும் ஜன்னலோரம் தொட்டியை வைக்கவே வேண்டாம்.

வெயில் என்றதும் சூட்டையும் சொல்லவேண்டும். நம் வீட்டுத் தண்ணீர் சாதாரணமாகவே 29, 30 டிகிரி. படங்களில் நாம் ஆசைப்படும் பல செடிகள் 22 முதல் 26 வரை இருந்தால்தான் செழிக்கும். தண்ணீர் மேல் சின்ன மின்விசிறி வீசினால் இரண்டு டிகிரி குறையும், ஆனால் ஆவியாகும் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருக்கவேண்டும். அதைவிடச் சூடு தாங்கும் செடியாகப் பார்த்து வாங்குவது மேல்.

உரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஊற்றாதீர்கள். இலையே சொல்லும். புது இலை வெளிறினால் பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறை. பழைய இலையிலிருந்து புதுசுக்கு இரும்பு எளிதில் நகராது. பழைய இலை மஞ்சளானால் நைட்ரஜன், ஊசிக்குத்துப் போல் ஓட்டை விழுந்தால் பொட்டாசியம். அமேசான் ஸ்வோர்ட் வேரால் சாப்பிடும் செடி, அதற்கு மணலுக்குள் உரமாத்திரை வையுங்கள்.

ஃபில்டர் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவினால் அதிலுள்ள குளோரின் நல்ல நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழிந்தெடுங்கள்.

கடைசியாக ஒன்று. மீன் கடையில் தண்ணீருக்குள் நிறுத்தி விற்கும் 'லக்கி பேம்பு' நீர்ச்செடி அல்ல. இலை மூழ்கினால் மெல்ல மெல்லச் செத்துப்போகும். வாங்கி முழுவதும் மூழ்க வைத்திருந்தால் இன்றைக்கே எடுத்து மண்சட்டியில் நடுங்கள், பிழைத்துக்கொள்ளும்.