வியாழக்கிழமை வருகிறேன் என்றால் வர வேண்டும்: புதிய சமூகப் பணியாளர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதுகலைச் சமூகப் பணி படிக்கும்போது வாரத்தில் இரண்டு நாள் களப்பணி இருக்கும். காலையில் பஸ் ஏறிப் போவோம். மாலையில் திரும்பி வந்து குறிப்பேட்டில் எழுதுவோம். பேராசிரியர் படித்துக் கையெழுத்துப் போடுவார். பருவம் முடிந்ததும் அந்த ஊருக்கும் நமக்கும் இருந்த தொடர்பு முடிந்துவிடும். வேலையில் சேர்ந்த பிறகு அப்படி முடிவதில்லை. நாம் பேசிவிட்டு வந்த வீட்டில் மறுநாளும் அதே மனிதர்கள்தான் இருக்கிறார்கள், நாம் என்ன சொன்னோம் என்பதையும் நினைவில் வைத்திருக்கிறார்கள். காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் பதினான்கு ஆண்டுகளாக வேலை பார்த்துவருகிறேன். களப்பணி மாணவர்களையும் வழிநடத்துகிறேன். மாணவர் பணியாளராக மாறும் முதல் ஆண்டில் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை, யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது மாறிவிட்டதை உணராததால் வருகின்றன. அதுவரை பேராசிரியருக்குப் பதில் சொன்னோம், இனி அந்த வீட்டுக்குச் சொல்ல வேண்டும்.

இவற்றில் அதிகக் கேடு செய்வது "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்ற வாக்கு. கணவரை இழந்த பெண் ஒருவர், உதவித்தொகை மூன்று மாதமாக வரவில்லை என்கிறார். மனம் இளகி நாம் அதைச் சொல்லிவிடுகிறோம். அவர் அன்றிலிருந்து நமக்காகக் காத்திருப்பார், தானாக எந்த அலுவலகத்துக்கும் போகமாட்டார். நம் ஒரு சொல்லால் அவருக்கு இன்னும் இரண்டு மாதம் போய்விடும். அந்த வாக்குக்குப் பதிலாகச் செய்யக்கூடியது உண்டு. வங்கிக் கணக்கு முடங்கியதா, ஆதார் இணைப்பில் சிக்கலா, பட்டியலிலிருந்து பெயர் நீக்கப்பட்டதா என்று அங்கேயே உட்கார்ந்து கேளுங்கள். தாலுகா அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டத்துக்கென்று தனி வட்டாட்சியர் இருக்கிறார், அவரைத்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். பிறகு, "வியாழக்கிழமை வருகிறேன், பாஸ்புத்தகத்தை எடுத்து வையுங்கள், சேர்ந்து போவோம்" என்று நாளைச் சொல்லிவிட்டு வாருங்கள். அந்த வியாழக்கிழமை மழை பெய்தாலும் போய் நிற்க வேண்டும். முடியாவிட்டால் முன்கூட்டியே தொலைபேசியில் சொல்ல வேண்டும். வகுப்பில் நம்பிக்கையான உறவு என்று பல பக்கங்கள் படித்தோம். சொன்ன நாளில் வாசலில் நிற்பதைத்தான் இந்த ஊர்களில் நம்பிக்கை என்கிறார்கள்.

நான் செய்த ஒரு தவறைச் சொல்கிறேன். செட்டிநாட்டில் முதியோருக்காக வேலை செய்தால் பூட்டிய பெரிய வீடுகளைத் தவிர்க்க முடியாது. வளவு என்னும் நடுமுற்றத்தைச் சுற்றி வரிசையாக அறைகள், பிள்ளைக்கு ஓர் அறை, ஒவ்வொன்றிலும் பூட்டு. பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருப்பார்கள். ஆச்சி மட்டும் சமையற்கட்டுப் பக்கம் ஒரு மூலையில் வாழ்ந்துகொண்டிருப்பார். அப்படி ஓர் ஆச்சியை வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் சந்தித்தேன். கண்புரை முற்றிவிட்டது, மோட்டார் பழுதாகி வாளியில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார், பிள்ளைகள் பணம் அனுப்புவது நின்று வெகுநாள் ஆகியிருந்தது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007 எனக்கு மனப்பாடம். 60 வயது நிறைந்தவர்கள் வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம், மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை பெறலாம். இந்தப் பகுதிக்குக் கோட்டாட்சியர் அலுவலகம் தேவகோட்டையில்தான் இருக்கிறது. மூன்றாவது சந்திப்பிலேயே மனுவை எழுதி எடுத்துக்கொண்டு கையெழுத்துக்குப் போய் நின்றேன்.

ஆச்சி மனுவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிள்ளைகளின் பெயர்கள் வந்ததும் கையை உயர்த்தி நிறுத்தினார். "ஆத்தா, நீ நல்லது செய்யத்தான் வந்திருக்கிறாய். என் பிள்ளைகளை ஆபீசில் கொண்டுபோய் நிறுத்தச் சொல்லி நான் உன்னைக் கேட்டேனா?" என்றார். அதற்குப் பிறகு இரண்டு மாதம் அவர் எனக்குக் கதவு திறக்கவில்லை.

சட்டம் தெரிந்திருந்தது தவறில்லை. அவருக்கு எது வேண்டும் என்று கேட்பதற்கு முன்பே தீர்வோடு போனதுதான் தவறு. அந்தச் சட்டமும் மனுச் செய்யும் உரிமையை முதலில் மூத்த குடிமகனிடம்தான் கொடுக்கிறது. அவரால் இயலாதபோது, அவர் அதிகாரம் அளித்த வேறொருவரோ அமைப்போ செய்யலாம். தீர்ப்பாயம் தானாகவும் எடுத்துக்கொள்ளலாம். சமூகப் பணியாளர் விரும்பினால் செய்யலாம் என்று அதில் எங்கும் இல்லை. பிறகு பக்கத்து வீட்டுக்காரர் வழியாக மெல்ல மெல்லத் திரும்பப் போனேன். ஆச்சி கேட்டவை இரண்டுதான்: மோட்டாரைச் சரிசெய்ய ஓர் ஆள், கண் அறுவைச் சிகிச்சைக்குக் கூட வர ஒருவர். இரண்டும் நடந்தன. பார்வை வந்த பிறகு மூத்த மகனுக்கு அவரே கடிதம் எழுதினார். அஞ்சல் தலை வாங்கி ஒட்டியது மட்டும்தான் நான். அன்றைக்கு அவர் கையெழுத்துப் போட்டிருந்தால் ஒரு வழக்கை முடித்த திருப்தி எனக்குக் கிடைத்திருக்கும். அவருக்குப் பிள்ளைகள் இல்லாமல் போயிருக்கலாம்.

ஊருக்குள் எந்த வழியாக நுழைகிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். புதியவர்களைப் பெரும்பாலும் நிறுவனத்தின் வண்டி ஊர்ப் பெரியவர் வீட்டு வாசலில்தான் இறக்கிவிடுகிறது. அங்கே திண்ணையில் உட்கார்ந்து காபி குடிக்கிறோம். மாலைக்குள் அந்தச் செய்தி காலனிக்குப் போய்விடும், நாம் யாருடைய ஆள் என்பதும் முடிவாகிவிடும். பெரியவரைப் பார்க்கவே கூடாது என்று சொல்லவில்லை. அதே நாளில் காலனியிலும் உட்கார வேண்டும், கொடுத்த தண்ணீரைக் குடிக்க வேண்டும். சாதியைப் பற்றித் தேர்வில் பத்து மதிப்பெண் கேள்விக்கு எழுதியவர்கள், எந்த வாசலில் செருப்பைக் கழற்றினோம் என்பதைக் கவனிக்கத் தவறுகிறார்கள். இது எனக்கு ஆற்றாமையாகவே இருக்கிறது.

நேரம் தெரியாமல் போவதும் இதைச் சேர்ந்ததுதான். ஆத்தங்குடியில் தரைக்கல் செய்பவர், கண்ணாடித் தட்டின் மேல் வண்ணக் கலவையை ஊற்றிய பிறகு பாதியில் எழுந்து வர முடியாது, சிமெண்ட் இறுகிவிடும். கணக்கெடுப்புப் படிவத்தோடு காலை பதினோரு மணிக்கு அங்கே போய் நின்ற மாணவியை நான் பார்த்திருக்கிறேன். ஒத்துழைப்பு இல்லை என்று அவர் குறிப்பேட்டில் எழுதினார். நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களையும், திருமணச் சமையலுக்கு வெளியூர் போகும் சமையல்காரர்களையும் அவரவர் ஓய்வு நேரம் தெரிந்துதான் பார்க்க முடியும்.

நாம் வந்துதான் இங்கே மாற்றம் தொடங்குகிறது என்ற எண்ணமும் வேண்டாம். செட்டிநாட்டின் ஒரு பகுதி புதுக்கோட்டை மாவட்டத்தில் இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொடுத்தது, ஆயிரக்கணக்கான பெண்கள் கற்றுக்கொண்டார்கள். இன்று விழிப்புணர்வுக் கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் அறுபது வயதுக்காரர், அன்று பாவாடையைச் செருகிக்கொண்டு சைக்கிள் ஓட்டியவராக இருக்கலாம். பேசத் தொடங்குமுன் அவரிடம் கேளுங்கள். அங்கன்வாடிப் பணியாளரும் கிராமச் சுகாதாரச் செவிலியரும் அதே ஊரில் பல ஆண்டுகள் இருப்பவர்கள். முதல் மாதம் அவர்களோடு நடந்தாலே போதும்.

குழந்தைகளிடம் "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று சத்தியம் செய்யாதீர்கள். பள்ளிகளில் ஆலோசனை கொடுக்கப் போகும் இளையவர்களிடம் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம் 2012இன் 19ஆம் பிரிவின்படி, அத்தகைய குற்றம் நடந்தது தெரிந்த எவரும் சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ உள்ளூர்க் காவல் நிலையத்துக்கோ தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காமல் விட்டால் ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை உண்டு. சத்தியம் செய்துவிட்டுப் பிறகு தெரிவித்தால் அந்தக் குழந்தைக்கு நாமும் ஏமாற்றிய இன்னொரு பெரியவராகிவிடுவோம். பேச்சின் தொடக்கத்திலேயே இப்படிச் சொல்லிவிடலாம்: "நீ சொல்வதை வகுப்பில் யாருக்கும் சொல்லமாட்டேன். உனக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் உன்னைக் காப்பாற்றக்கூடியவர்களிடம் சொல்வேன். சொல்லும் முன் உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் சொல்வேன்." இதைக் கேட்ட பிறகும் குழந்தைகள் பேசுகிறார்கள். என்ன செய்வது என்று தெரியாத இரவில் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழையுங்கள்.

மீட்கப்பட்ட குழந்தையோடு படம் எடுத்து அலுவலக வாட்ஸ்அப் குழுவில் போடுவதையும் உடனே நிறுத்த வேண்டும். இளைஞர் நீதிச் சட்டம் 2015இன் 74ஆம் பிரிவு, குழந்தையை அடையாளம் காட்டும் எதையும் ஊடகத்தில் வெளியிடுவதைத் தடை செய்கிறது. குழுவில் போட்ட படம் எங்கே போய்ச் சேரும் என்பது நம் கையில் இல்லை. நிதி கொடுப்பவர் கேட்கிறார் என்றால், முகமில்லாமல் அறிக்கை எழுதிக் கொடுக்கலாம்.

பதிவேட்டைப் பற்றி ஒரு சொல். "கணவர் குடிகாரர், பொறுப்பில்லாதவர்" என்று எழுதுவது தீர்ப்பு. "வாரத்தில் நான்கு நாள் குடித்துவிட்டு வருவதாக மனைவி சொன்னார், நான் போன இரு முறையும் கணவர் வீட்டில் இல்லை" என்பது பதிவு. பேராசிரியருக்கு முதலாவது போதும். குடும்ப வன்முறை வழக்கில் நீதிமன்றம் கேட்கும்போது இரண்டாவதுதான் அந்தப் பெண்ணுக்கு உதவும்.

சொந்தப் பணத்தைக் கடனாகக் கொடுக்காதீர்கள். பசித்தவருக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுப்பது வேறு.

வழக்கறிஞர்களைப் பதிவு செய்து கண்காணிக்கப் பார் கவுன்சில் இருக்கிறது. 2021ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழில்கள் சட்டம் மருத்துவ, மனநலச் சமூகப் பணியாளர்களைச் சேர்த்துக்கொண்டது. மற்ற சமூகப் பணியாளர்கள் அனைவரையும் பதிவு செய்து உரிமம் தரும் சட்ட அமைப்பு இந்தியாவில் இன்னும் இல்லை. அதனால் நம் வேலை சரியா என்று பார்க்க வெளியிலிருந்து யாரும் வருவதில்லை. கல்லூரியில் வாரந்தோறும் தொல்லையாகத் தோன்றிய வழிகாட்டல் கூட்டம் இப்போதுதான் உண்மையில் தேவைப்படுகிறது. உங்கள் நிறுவனத்தில் அது இல்லையென்றால், இரண்டு மூன்று பணியாளர்கள் மாதம் ஒருமுறை காரைக்குடியில் சந்தித்து, பெயர் சொல்லாமல் சிக்கலை மட்டும் வைத்துப் பேசிக்கொள்ளுங்கள். ஒரு தற்கொலையையோ குழந்தைத் திருமணத்தையோ தடுக்க முடியாமல் போன வாரத்தில் தனியாக இருக்கக் கூடாது. நான் இருந்திருக்கிறேன். அதன் பிறகு ஓர் ஆண்டு எந்த வீட்டிலும் காது கொடுத்துக் கேட்க முடியாதவளாக இருந்தேன்.

கடைசியாக, விலகும்போது செய்யும் தவறு. நம் வேலைகளில் பெரும்பாலானவை ஒப்பந்த வேலைகள், திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். மார்ச் மாதத்தில் கோப்புகளை மேசையில் அடுக்கிவிட்டுப் போய்விடுகிறோம். ஏப்ரலில் புதியவர் கதவைத் தட்டும்போது, வீட்டுக்காரர் முதலிலிருந்து எல்லாக் கதையையும் மறுபடி சொல்ல வேண்டியிருக்கிறது. பலர் அத்தோடு பேசுவதை நிறுத்திவிடுகிறார்கள். ஒரு மாதம் முன்பே "நான் போகிறேன்" என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்லுங்கள். எந்த மனு எந்த மேசையில் நிற்கிறது என்பதை ஒரு தாளில் எழுதி அவர்கள் கையிலேயே கொடுங்கள். அடுத்து வருபவரைக் கூட்டிக்கொண்டு போய், திண்ணையில் உட்காரவைத்து, பெயர் சொல்லி அறிமுகப்படுத்துங்கள். அதற்கு ஒரு வாரம் வேண்டும் என்று விலகல் கடிதத்திலேயே எழுதிக் கேளுங்கள்.