எல்-1இல் வருகிறீர்களா? பாஸ்புக்கை எடுத்து வையுங்கள்

கம்பெனி மாற்றலில் எல்-1 விசாவோடு அமெரிக்கா வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சோஷியல் செக்யூரிட்டி எண், வங்கிக் கணக்கு, டிரைவிங் லைசென்ஸ் எல்லாம் எப்படியோ நடந்துவிடும். ஆபீஸில் யாராவது கூட்டிக்கொண்டு போவார்கள். வரி மட்டும் உங்கள் பாடு.

இங்கே வரி ஆண்டு ஜனவரி முதல் டிசம்பர் வரை. கணக்குக் காட்டக் கடைசி நாள் ஏப்ரல் 15. பொதுவாக ஒரு வருஷத்தில் 183 நாள் இங்கே இருந்துவிட்டால் வரிக்கு நீங்கள் உள்ளூர்க்காரர். ஊரில் வரும் வட்டியையும் இங்கே காட்ட வேண்டும். சம்பளத்தில் 7.65 சதவீதம் சோஷியல் செக்யூரிட்டி (அரசுப் பென்ஷன்), மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) என்று போய்விடும். அந்தப் பென்ஷன் கிடைக்கப் பத்து வருஷம் வேலை பார்த்திருக்க வேண்டும். ஆனால் சிறப்பு அறிவுள்ள ஊழியர்களுக்கான எல்-1பிக்கு உச்ச வரம்பே 5 வருஷம், மேனேஜர்களுக்கான எல்-1ஏக்கு 7. அந்த வருஷங்களை ஊர்க் கணக்கோடு சேர்த்துக்கொள்ள இந்தியாவோடு ஒப்பந்தமும் இல்லை. பேஸ்லிப்பைப் பார்த்து வயிறு எரியலாம், அவ்வளவுதான்.

சரி, நான் மாட்டிய கதைக்கு வருகிறேன். முதல் வருஷம் வரிக்காரர் அனுப்பிய படிவத்தில் ஒரு கேள்வி: ‘வெளிநாட்டில் வங்கிக் கணக்கு உண்டா?’ யோசிக்காமல் ‘இல்லை’ என்று போட்டேன். எனக்கு வெளிநாடு என்றால் நியூஜெர்சி. கும்பகோணத்து வங்கி எப்படி வெளிநாடாகும்? நாலு வருஷம் அதே ‘இல்லை’. அந்த வரிக்காரரும் ஒரு வார்த்தை திருப்பிக் கேட்கவில்லை.

வெளிநாட்டுக் கணக்குகள் எல்லாவற்றையும் கூட்டி, வருஷத்தில் ஒரே ஒரு நாள் 10,000 டாலரைத் தாண்டினாலும் எஃப்பார் என்ற அறிக்கை தர வேண்டும். வரிப் படிவத்தோடு அல்ல, அமெரிக்க நிதித்துறையின் ஃபின்சென் பிரிவுத் தளத்தில் தனியாக. பி.பி.எஃப்., என்.ஆர்.இ. (வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊர் வங்கியில் வைக்கும்) டெபாசிட் வட்டிக்கு ஊரில் வரி இல்லை என்று நிம்மதியாக இருக்காதீர்கள், இங்கே உண்டு. மியூச்சுவல் ஃபண்ட் இருந்தால் தலைவலி இன்னும் பெரிது, அதற்குத் தனிப் படிவம். எஸ்.ஐ.பி.யை விமானம் ஏறும் முன்பே என்ன செய்வது என்று கேட்டு முடிவு செய்யுங்கள்.

என் டெபாசிட்டோடு போயிருந்தால் பரவாயில்லை. அப்பா ரிட்டயர் ஆனபோது வந்த பணத்தை டெபாசிட் போட்டு, ‘எனக்கு ஏதாவது ஆனால் நீ அலையக் கூடாது’ என்று என் பெயரையும் சேர்த்திருந்தார். நம் வீடுகளில் இது சகஜம். ஒரு பைசா நான் தொட்டதில்லை. ஆனாலும் கூட்டுக் கணக்கின் முழுத் தொகையும் என் அறிக்கையில் வர வேண்டும். பணம் அவருடையதுதான் என்று காட்ட, 78 வயதில் பாஸ்புக்கையும் பென்ஷன் காகிதங்களையும் தேடி எடுத்து வாட்ஸாப்பில் அனுப்பினார், பாதிப் படம் தலைகீழாக.

தெரியாமல் விட்டவர்களுக்கு வரித்துறையில் சலுகை வழி ஒன்று உண்டு. மூன்று வருஷப் படிவங்களைத் திருத்தி, விட்டுப்போன எஃப்பார்களைப் போட்டு, வரியும் வட்டியும், அதற்கு மேல் என் டெபாசிட் தொகையில் 5 சதவீத அபராதமும் கட்டினேன். அவர்களே கண்டுபிடித்துக் கேட்டிருந்தால் இந்த வழியும் அடைபட்டிருக்கும்.

‘பேரை எடுத்துடட்டுமாடா?’ என்று அப்பா கேட்டார். வேண்டாம் என்றேன். எஃப்பார் போட அரை மணி நேரம்கூட ஆகாது, கட்டணமும் கிடையாது.