கடலோர ஊரில் முன்னேற்றச் சங்கம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இராமநாதபுரம் மாவட்டக் கரையில் கீழக்கரையிலிருந்து சாயல்குடி வரைக்கும், அந்தப் பக்கம் தேவிபட்டினம், தொண்டி வரைக்கும் ஊருக்கு ஊர் இளைஞர்கள் முன்னேற்றச் சங்கம், நலச் சங்கம் என்று தொடங்குகிறார்கள். பார்க்க மனதுக்கு நிறைவாக இருக்கிறது. ஆனால் முன்பு சங்கம் நடத்திய எங்கள் ஆட்கள் தடுக்கி விழுந்த அதே இடங்களில்தான் இவர்களும் தடுக்கி விழுகிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். ரசீது இல்லாமல் வசூலிக்காதே, கணக்கு எழுது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பதிவு செய்ததோடு மறந்துவிடுவது

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன் கீழ் 7 பேர் சேர்ந்தால் சங்கத்தைப் பதிவு செய்யலாம். சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியதும் வேலை முடிந்ததாக நினைத்துவிடுகிறார்கள். தணிக்கை செய்த வரவு செலவை ஆண்டுதோறும் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் தாக்கல் செய்ய வேண்டும். நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் 3 ஆண்டுகளைத் தாண்டக் கூடாது, நிர்வாகிகள் மாறினால் அதையும் தெரிவிக்க வேண்டும். ஊரில் இரண்டு அணி உருவாகும்போதுதான் இதன் அருமை புரியும். கோப்பில் பழைய பட்டியலே இருக்கும், வங்கி புதியவர்களின் கையெழுத்தை ஏற்காது, பிள்ளைகளின் படிப்பு உதவித்தொகை நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கும்.

திறப்பு விழாவுக்காக ஆர்.ஓ. பிளான்ட் வைப்பது

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. நம் கரையில் ஒரு சங்கம் செய்யக்கூடிய பெரிய நல்ல காரியமும் தண்ணீர்தான், பெரிய நாசமும் தண்ணீர்தான். காவிரி கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்த பிறகும் கடைக்கோடி ஊர்களில் குழாயில் தண்ணீர் வரும் நாளை எண்ணிக்கொண்டு இருக்கிறோம். அதனால் வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர் ஒருவர் பணம் தருகிறேன் என்றதும் சங்கத்துக்கு முதலில் தோன்றுவது ஆர்.ஓ. பிளான்ட், அதாவது உப்பு நீரைக் குடிநீராக்கும் இயந்திரம்.

பக்கத்து ஊர் ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். கார்த்திகை மாதம், நல்ல மழை பெய்து ஊரணி நிறைந்திருந்த நேரத்தில் போர் (ஆழ்துளைக் கிணறு) போட்டுத் தண்ணீரைச் சோதித்தார்கள். டி.டி.எஸ்., அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு, குறைவாகக் காட்டியது. அந்தக் கணக்கை நம்பி இயந்திரம் வாங்கினார்கள். பந்தல், மாலை, எல்லோருக்கும் சாப்பாடு. முதல் கோடை எப்படியோ ஓடியது. தேவை கூடியதும் மோட்டாரை இரவும் பகலும் ஓடவிட்டார்கள். இரண்டாவது கோடையில் போரில் ஏறிய தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. இயந்திரத்தில் உப்பைப் பிரிக்கும் சவ்வான மெம்பிரேன் உப்புப் படிந்து அடைத்துக்கொண்டது. மாற்றுவதற்குச் சங்கத்தில் பணம் இல்லை. கொடுத்தவரிடம் மறுபடி கேட்க எல்லோருக்கும் கூச்சம். கொட்டகையைப் பூட்டிவிட்டார்கள். அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த போரைச் சுற்றி இருந்த நான்கைந்து வீட்டுக் கிணறுகளும் உவர்ந்துவிட்டன. இயந்திரம் தள்ளிய கழிவு நீரை ஊரணிக்குப் போகும் வரத்து வாய்க்காலில்தான் விட்டிருக்கிறார்கள்! இயந்திரம் வருவதற்கு முன்னால் கிணற்றில் இறைத்துக் குடித்த வீட்டுப் பெண்கள் இப்போது தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு லாரித் தண்ணீருக்கு நிற்கிறார்கள்.

இது ஏன் நடக்கிறது என்பதைப் புதியவர்கள் புரிந்துகொள்ள வேண்டும். கடலோர மணலில் மழை நீர், அடியில் இருக்கும் உப்பு நீரின் மேல் மிதந்து நிற்கிறது. நன்னீர் மட்டம் 1 மீட்டர் இறங்கினால் அடியில் இருக்கும் உப்பு நீர் ஏறத்தாழ 40 மீட்டர் மேலே வரும் என்பது நிலத்தடி நீரியலில் உள்ள அடிப்படைக் கணக்கு. நாம் இறைப்பது கொஞ்சம்தான் என்று தோன்றும், கடல் உள்ளே வருவது கொஞ்சமாக இருக்காது. நம் பாட்டிமார் மணலில் ஊற்றுத் தோண்டிச் சிரட்டையால் மொண்டு குடம் நிரப்பினார்கள். அந்த நிதானத்தில் எடுத்ததால்தான் அந்த ஊற்றுகள் அத்தனை காலம் இனித்தன.

சரி, வைக்கவே கூடாதா? வைக்கலாம். மழைக்காலத்தில் சோதிக்காதீர்கள். மே, ஜூன் மாதத்தில் தண்ணீரை எடுத்துக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிச் சோதியுங்கள். குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லை என்றால் 2,000 வரை என்பது இந்தியத் தர நிர்ணயம். கோடையிலேயே உங்கள் கிணறு அதற்குள் இருந்தால் இயந்திரமே தேவையில்லை, கிணற்றைக் காப்பாற்றினால் போதும். இயந்திரம் தேவைதான் என்றால் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் மோட்டார் ஓடும் என்பதைத் தீர்மானமாக எழுதி, அதைக் கொட்டகைச் சுவரிலேயே ஒட்டிவையுங்கள். உள்ளே போகும் தண்ணீரில் பாதி அளவுக்குக்கூட உப்புக் கழிவாக வெளியே வரும். அது எங்கே போகும் என்று முடிவு செய்யாமல் அடிக்கல் நாட்டாதீர்கள்.

அப்புறம் பணம். மெம்பிரேனை இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும், முன்வடிகட்டிகளை அதைவிட அடிக்கடி. நன்கொடையாளரிடம் முதல் நாளே சொல்லுங்கள்: "அண்ணே, இயந்திரத்துக்கு மட்டும் தந்தால் வாங்கமாட்டோம். பராமரிப்புக்கும் ஒரு தொகையை வைப்புநிதியாகப் போட்டால் வாங்குகிறோம்." இப்படிக் கேட்டதற்காக யாரும் கோபித்துக்கொண்டு போனதில்லை. குடத்துக்கு ஒரு சிறு கட்டணம் வையுங்கள், அதில் ஒரு பங்கைத் தனிக் கணக்கில் ஒதுக்குங்கள். இலவசம் என்று அறிவித்த பிளான்ட் நீண்ட நாள் ஓடி நான் பார்த்ததில்லை.

ஊரணியை ஆழமாகத் தோண்டுவது

தூர் வாருவது வேறு, ஆழப்படுத்துவது வேறு. அடியில் இருக்கும் களிமண் படுகையைப் பொக்லைன் கிழித்துவிட்டால் இனிப்பு ஊரணி உப்பு ஊரணி ஆகிவிடும். வண்டல் எடுக்க அனுமதியும் வேண்டும், ஊரின் வயதான ஆட்களின் பேச்சும் வேண்டும். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

எந்தப் பணம் என்று பார்க்காமல் வாங்குவது

நம் ஊர்களில் துபாய், சவுதி, மலேசியா, சிங்கப்பூர் இல்லாத வீடு குறைவு. அங்கே வேலை செய்பவர் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்து, தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் சிக்கல் இல்லை. அவரே சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்டால், கூடப் பிறந்த அண்ணனாக இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அது வெளிநாட்டு நன்கொடை. 2010-ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. 2020-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் முதலில் டெல்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் வர வேண்டும். சிறிய சங்கத்துக்கு இதெல்லாம் பெரிய சுமை. பாசத்தோடு வரும் பணத்தை வேண்டாம் என்று சொல்ல மனம் வராது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

வங்கிக்குப் போகாமல் ஆள் மூலம் கைமாறும் உண்டியல் (ஹவாலா) பணத்தைத் தொடவே தொடாதீர்கள்.

பஞ்சாயத்தின் வேலையைச் சங்கமே செய்வது

தெருவிளக்கு, குப்பை, குழாய் உடைப்பு எல்லாவற்றையும் சொந்தப் பணத்தில் சரிசெய்தால் ஊர் கைதட்டும். அடுத்த ஆண்டிலிருந்து பஞ்சாயத்து அந்தத் தெருவை எட்டிப் பார்க்காது. கிராம சபை ஆண்டுக்கு 6 நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. சங்கம் அங்கே ஆட்களைத் திரட்டி, தீர்மானம் எழுதவைத்து, நகலை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். தொண்டி, மண்டபம் மாதிரி பேரூராட்சி என்றால் பகுதி சபையில் கேளுங்கள். சங்கத்திடம் பணமும் இருந்தால் நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் பங்காகப் போடுங்கள். பெரும்பாலான பணிகளுக்கு மூன்றில் ஒரு பங்கு நாம் தந்தால் மீதியை அரசு போடும், வேலையும் அரசுக் கணக்கில் ஏறும்.

தேர்தல் மேடை

ஏறாதீர்கள்.

ஒரே தெருவின் சங்கம்

ஜமாத்தும், கோயில் கமிட்டியும், தேவாலயப் பங்குப் பேரவையும் தங்கள் வேலையைச் செய்துகொண்டிருக்கின்றன. முன்னேற்றச் சங்கம் அவற்றுக்கு இன்னொரு பெயராக இருந்தால் யாருக்கும் பயன் இல்லை.

பெண்கள் வர முடியாத நேரத்தில் கூட்டம்

தண்ணீர் சுமப்பவர்களும், ரேஷனில் நிற்பவர்களும், பாசி எடுக்கக் கடலில் இறங்குபவர்களும் பெண்கள்தான். கூட்டமோ இரவு 8 மணிக்கு டீக்கடைப் பக்கம். பிறகு "பெண்கள் ஆர்வம் காட்டுவதில்லை" என்று குறிப்பேட்டில் எழுதுகிறார்கள். எனக்கு இது ஆறாத வருத்தம். ஊர் எப்படி நடக்கிறது என்று பார்த்து நாள் குறியுங்கள். விசைப்படகு கடலுக்குப் போகும் நாளில் அந்தத் தெரு ஆண்கள் வரமாட்டார்கள், வெள்ளி நண்பகல் ஜும்மா, ஞாயிறு காலை பூசை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர்கள் கரையில்தான் இருப்பார்கள், பெரிய பொதுக்குழுவை அப்போது வைக்கலாம். மாதக் கூட்டத்தைப் பள்ளி வளாகத்தில், பிள்ளைகள் வீடு திரும்பும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் வையுங்கள். தண்ணீர் லாரி வரும் நாளாக அது இருந்துவிடக் கூடாது.