வளைஞ்ச டூல் ரெஸ்ட் வாங்கப் போறீங்களா, மொதல்ல அடித்தண்ட அளந்துட்டு வாங்க

லேத்துல மரக் கிண்ணம் கடைய ஆரம்பிச்சவங்களுக்கு ஒரு நாள் வளைஞ்ச டூல் ரெஸ்ட் (கடையிறப்ப கத்திய வச்சி ஓட்டுற தாங்கி) வாங்குற ஆசை வந்தே தீரும். வெளிப்பக்கத்த நேரான ரெஸ்ட்ட வச்சே ஓட்டிடலாம், உள்ள எறங்குனாதான் வில்லங்கம். விளிம்பு கிட்ட நல்லா சீவும், அடிப்பக்கம் போகப் போக ரெஸ்ட்டுக்கும் மரத்துக்கும் நடுவுல நாலு இன்ச் வெத்து எடம் வந்துரும், கௌஜ், அதான் குழி விழுந்த கடைசல் உளி, டர்ர்ருனு அதிரும், அசந்தா மரம் அப்படியே கவ்விப் பிடிச்சி இழுத்துரும். ரெஸ்ட்ட கிண்ணத்துக்குள்ளயே கொண்டு போய் வச்சா அந்த எடம் கொறையும், வளைஞ்ச ரெஸ்ட் அதுக்குத்தான், வேற மாயம் ஒன்னும் இல்ல.

கடையில எல்லாரும் வளைவத்தான் பாப்போம், நானும் அப்படித்தான் பாத்தேன். பாக்க வேண்டியது கீழ இருக்கிற தண்டு, அதான் போஸ்ட். சின்ன லேத்துக்கு பெரும்பாலும் 5/8 இன்ச் தடிமன், பெரிசுக்கு 1 இன்ச், சில ஐரோப்பா மெஷினுக்கு 30 மில்லி. என் லேத்துல பேஞ்சோ (ரெஸ்ட்டோட தண்ட சொருகி லேத்துல பிடிச்சி வைக்கிற பாகம்) ஓட்டை 25 மில்லி, "25ன்னா 1 இன்ச்சுதானே லா"ன்னு ஆன்லைன்ல தட்டிட்டேன், பார்சல் வந்து பாத்தா 1 இன்ச்சுங்கிறது 25.4, ஓட்டை வாய்லயே நிக்குது, சுத்தியல எடுக்கலாமான்னு கூட யோசிச்சேன். அப்புறம் பிறை ஊர்ல ஒரு இரும்பு லேத் கடைக்குத் தூக்கிட்டுப் போனேன். அண்ணன் வெர்னியர வச்சி ஓட்டைக்கும் தண்டுக்கும் மாத்தி மாத்திப் பாத்துட்டு "தம்பி, அரை மில்லி எடுத்தா போதும், டீ குடிச்சிட்டு வா"ன்னாரு. 20 வெள்ளி. அளந்துட்டு வாங்கியிருந்தா மிச்சம்.

தண்டோட நீளமும் பாருங்க. 12 இன்ச் வரைக்கும் கடையிற லேத்துன்னா சென்டர், அதான் மரம் சுத்துற அச்சு, லேத்தோட அடிச்சட்டமான பெட்டுக்கு மேல 6 இன்ச்சுல இருக்கும், ரெஸ்ட்டோட மேல் விளிம்பு அதுக்கும் கொஞ்சம் கீழ எறங்கணும், ஏன்னா அதுக்கு மேலதான் கௌஜ் படுக்குது. தண்டு நீளமா இருந்து கீழ இடிச்சா ரம்பத்த வச்சி அறுத்துக்கலாம், கட்டையா இருந்தா ஒன்னும் பண்ண முடியாது, பேஞ்சோக்குள்ள ரெண்டு விரல் அளவுதான் மாட்டியிருக்கும், ஆடும்.

இப்ப வளைவுக்கு வருவோம். ஒரு பிஸ்கட் பெட்டி அட்டைய எடுத்து நீங்க வழக்கமா கடையிற கிண்ணத்தோட உள்வளைவ வெட்டி வச்சிக்குங்க, ரெஸ்ட்டோட வளைவு அதவிட சின்னதா இருக்கணும், பெரிசா இருந்தா ரெண்டு முனையும் சுவத்துல இடிச்சி நடுவுல எடம் விட்டுரும். எல்லா அளவுக்கும் ஒரே ரெஸ்ட் கச்சிதமா ஒக்காராது, அதிகமா கடையிற அளவுக்குப் பாத்து வாங்குங்க. நான் பெரும்பாலும் ரோட்டோரம் வெட்டிப் போடற அங்சானா மரத்துல 8, 9 இன்ச்தான் கடையிறேன், அதனால சின்ன வளைவே போதும். தட்டு மாதிரி ஆழம் கம்மியா கடையிறவங்க இத வாங்கவே வேணாம், 4 இன்ச் நேரான குட்டி ரெஸ்ட் போதும், காசும் கம்மி.

உள்ளுக்கும் வெளிக்கும் ஒன்னேன்னு எஸ் மாதிரி வளைஞ்சதும் விக்கிறாங்க. எனக்கு அது பிடிக்கல. தண்டுலேர்ந்து தூரமா நீட்டிக்கிட்டு இருக்கிற முனையில கௌஜ அமுத்துனா அது வில்லு மாதிரி துள்ளும், பலமா கவ்வுனா ரெஸ்ட்டே பேஞ்சோல சுத்தி மரத்துக்குள்ள போயிரும். அதனால எந்த வடிவம் வாங்குனாலும் முனை தண்ட விட்டு ரொம்பத் தள்ளிப் போகாம, கம்பி தடியா இருக்கான்னு பாருங்க. கடையில கையில கெடச்சா முனைய அமுக்கிப் பாருங்க, வளையற மாதிரி தோணுனாலே வச்சிட்டு வந்துருங்க. மேல் விளிம்புல கடினமாக்குன உருண்டைக் கம்பி வச்சது நல்லது, வெறும் வார்ப்பு இரும்புல கௌஜ் ஓரம் பட்டுப் பட்டு பள்ளம் விழும், விழுந்தா அரத்த வச்சி தேச்சி விடணும், இல்லன்னா கௌஜ் தடுக்கித் தடுக்கிப் போகும், கிண்ணத்துலயும் அந்த மேடு பள்ளம் அப்படியே தெரியும்.

மாட்டுனதும் ஸ்விட்ச்ச தட்டிராதீங்க, கையால ஒரு முழு சுத்து சுத்திப் பாருங்க, உள்ள இருக்கிறதால எங்க ஒரசுதுன்னு கண்ணுக்குத் தெரியாது. ரெஸ்ட்ட நகத்தணும்னா மெஷின நிறுத்திட்டுதான். வேகத்துக்கு ஒரு கணக்கு இருக்கு, விட்டத்த இன்ச்சுல எடுத்து ஆர்பிஎம்மால பெருக்குனா 6000லேர்ந்து 9000க்குள்ள வரணும், 10 இன்ச்சுக்கு 600லேர்ந்து 900, ஆனா கோணலா ஈரமா இருக்கிற கட்டைன்னா அதவிட மெதுவா ஆரம்பிங்க. உள்பக்கம் ஸ்கிரேப்பர், அதான் சுரண்டுற தட்டைக் கத்தி, போடறப்ப மட்டும் ரெஸ்ட்ட கொஞ்சம் ஒசத்தி கத்தி முனை சென்டருக்கு ஒரு பொடி மேல இருக்கிற மாதிரி வைங்க, முனை தாழ்ந்தாலும் வெத்து எடத்துலதான் எறங்கும், மரத்துல குத்தாது.

அப்புறம் ஒரு மெழுகுவர்த்தித் துண்ட எடுத்து ரெஸ்ட் மேல ரெண்டு இழு இழுத்து விடுங்க, கௌஜ் சும்மா வழுக்கிக்கிட்டுப் போகும்.